செவ்வாய்க்கிழமைச் சங்கு

எங்கள் ஊரில் அதை யாரும் சைரன் என்று சொன்னதில்லை. சங்குதான். நகராட்சி அலுவலக மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. காலை எட்டரை, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று நாளுக்கு மூன்று முறை ஊதும். இரவுச் சங்கு ஊதினால் பாட்டி உலையில் அரிசி போடுவாள்; எதிர்க் கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடைப்பார். ஒருநாள் ஊதவில்லை. கேட்டதற்கு, மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். முப்பது வருஷம் ஆகிறது. மோட்டார் இன்னும் திரும்பவில்லை.

இது நம்மூர் நகராட்சிகளுக்கே வாய்த்த குணம் என்று நினைத்திருந்தேன். சான் பிரான்சிஸ்கோ கதை தெரிந்த பிறகு அந்தக் கோபம் பாதி தணிந்துவிட்டது.

அங்கே கம்பங்களிலும் கட்டட உச்சிகளிலுமாக 119 சங்குகள். செவ்வாய்க்கிழமைதோறும் நண்பகல் 12 மணிக்குப் பதினைந்து விநாடி ஊதும். அடுத்து ஓர் ஆண்குரல், இது வெறும் சோதனைதான் என்று அறிவிக்கும். சீனர்கள் நிறைந்த பகுதியில் அதையே காண்டனீஸிலும், வேறு சில இடங்களில் ஸ்பானியத்திலும் சொல்லும். இரண்டாம் உலகப்போரில் விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து தொடங்கிய ஏற்பாடு, பிற்காலத்தில் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் காவல் நின்றது. 2019 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை, கடைசியாக ஊதியது. கருவிகளைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டு ஆகும், 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்று நகர நிர்வாகம் சொன்னது. இரண்டு ஆண்டு போனது, ஐந்தாண்டும் போனது. ட்விட்டரும் ஊபரும் பிறந்த ஊரிலும் மோட்டார் காயில் கட்டப் போன கதைதான்.

ஒரு சத்தம் போடுகிற பெட்டியை உயிரோடு வைத்திருப்பதில் அப்படி என்ன கஷ்டம்? பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால்தான் புரியும்.

சைரன் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரர் கன்யார் த லா தூர். 1819இல் அவர் செய்த கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்தது. அதனால் கடலோடிகளைப் பாடி மயக்கிக் கொல்லும் கிரேக்கக் கதை மோகினிகளின் பெயரை அதற்குச் சூட்டினார். வா வா என்று அழைத்துக் கொல்பவளின் பெயரை, ஓடு ஓடு என்று விரட்டிக் காப்பாற்றும் கருவிக்கு வைத்திருக்கிறார்கள். நம்முடைய சங்கு எவ்வளவோ தேவலை.

வேலை செய்யும் விதம் எளிது. குலவை போடும் பெண்களைக் கவனித்தால் போதும்: வெளியேறும் மூச்சை நாக்கு வெட்டி வெட்டி விடுகிறது. சங்கில் நாக்கின் வேலையைச் சுழலும் உருளை செய்கிறது. உருளையில் துளைகள், அதைச் சுற்றி அசையாத கூடு, அதிலும் துளைகள். துளையும் துளையும் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடும், விலகினால் அடைபடும். உருளையில் 12 துளை, நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 40 சுற்று. 40ஐ 12ஆல் பெருக்கினால் 480. விநாடிக்கு 480 அதிர்வு. மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க அந்த எண் ஏறும், அணைத்தால் இறங்கும். வயிற்றைக் கலக்கும் அந்த ஏற்ற இறக்கம், ஓர் உருளை வேகமெடுத்து ஓயும் சத்தம்தான். இப்போது வருபவற்றில் பல மின்னணுச் சங்குகள். உருளைக்குப் பதிலாக ஒலிபெருக்கிகளை அடுக்கியிருப்பார்கள். அவை பேசவும் செய்யும்.

சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் செலவு தொடங்குகிறது. பெரிய சங்கு ஒன்று நூறு அடி தூரத்தில் 130 டெசிபெல் தரும். அதை எழுபதாகக் குறையும் வரை கேட்கக்கூடியது என்று கணக்கு வைப்பது வழக்கம். தடையில்லாத வெட்டவெளியில், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது பாடப்புத்தக விதி. அதன்படி பார்த்தால் ஒரே சங்கு 30 கிலோமீட்டருக்குக் கேட்க வேண்டும். ஊருக்கு ஒன்று போதும். ஊர் அப்படி இல்லையே. கட்டடம் மறிக்கிறது, மரம் விழுங்குகிறது, காற்று திசை திருப்புகிறது. அதனால் அமெரிக்க அரசின் பழைய வழிகாட்டி நூல் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 10 டெசிபெல் கழிக்கச் சொல்கிறது. 130இலிருந்து 70க்கு ஆறு இரட்டிப்பு: 100, 200, 400 என்று போய் 6,400 அடி. 30 கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. பத்து டெசிபெல் குறைந்த சங்கை வாங்கினால் ஒரு கிலோமீட்டர். மேடும் பள்ளமுமான சான் பிரான்சிஸ்கோவின் பரப்பு ஏறத்தாழ 121 சதுர கிலோமீட்டர், சங்குகள் 119. சதுர கிலோமீட்டருக்கு ஒன்று ஏன் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

வெயிலும் இதில் விளையாடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். இரவில் இது தலைகீழாகி, தூரத்து ரயில் வாசலில் நிற்பதுபோலக் கேட்கும். தவிர, இந்தச் சங்குகள் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. ஜன்னலை அடைத்த வீட்டின் சுவர் இருபது டெசிபெலுக்கு மேல் சாப்பிட்டுவிடும். ஏ.சி. போட்டுத் தூங்குகிறவனை எழுப்ப வேண்டிய பொறுப்பு அதற்கு எப்போதும் இருந்ததில்லை. புகார் மட்டும் அதன்மேல்தான் வரும்.

பனிப்போர்க் காலத்தில் இந்தத் தூரக் கணக்கோடு மல்லுக்கட்டிய கிரைஸ்லர் கார் நிறுவனம், 180 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினையே சங்குக்குள் வைத்தது. நூறு அடியில் 138 டெசிபெல். ஊதுவதற்கு கார் எஞ்சின் என்றால், சும்மா இருக்கும்போதும் அதற்கு ஆயில் மாற்ற வேண்டும், பெட்ரோல் கெடாமல் பார்க்க வேண்டும். எத்தனை ஊர் பார்த்திருக்கும்?

இனி கம்பத்தடிக்கு வருவோம். ஆள் உயரத்தில் பூட்டிய இரும்புப் பெட்டி. திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் குளவிக்கூடு. அதைத் தட்டிவிட்டுப் பார்த்தால் வானொலி வாங்கி, ஆண்டெனா வயர், சார்ஜர். கீழ்த்தட்டில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள், தொடராக இணைத்து 48 வோல்ட். மின்சாரம் போன பிறகுதான் சங்கு தேவைப்படும் என்பதால் பேட்டரிதான் அதன் உயிர். இதைப் பற்றி நம் வாசகர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டு இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு ஜம்மென்று எரியும். கரண்ட் போனதும் இரண்டு நிமிஷத்தில் ஃபேன் நின்றுவிடும். சங்கிலும் நடப்பது இதுதான்.

ஈயப் பேட்டரி சும்மா கிடந்தாலும் மூப்படையும். தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படியும், உள்மின்தடை ஏறும். மீட்டரை வைத்துப் பார்த்தால் 48 வோல்ட் அப்படியே காட்டும். ஏனென்றால் மீட்டர் மின்னோட்டம் ஏதும் கேட்பதில்லை. சங்கின் மோட்டாரோ நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உள்மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்றால் நூறு ஆம்பியருக்கு 10 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். உருளை சுற்றத் தொடங்கும், முனகும், வேகம் பிடிக்காமல் நிற்கும். ஆகவே சுமை கொடுத்துப் பார்க்காத சோதனை சோதனையே இல்லை. மோட்டாரை ஒரே ஒரு விநாடி சுற்றவிட்டு உறுமவைத்துப் பார்ப்பது ஒரு வழி. மின்னணுச் சங்கென்றால் மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணை அனுப்பி ஒலிபெருக்கியில் மின்னோட்டம் ஓடுகிறதா என்று அளக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை ஊர் கேட்க ஊதுவதைப்போல மலிவான சோதனை இல்லை. பழுதைக் கண்டுபிடிக்கச் சம்பளமில்லாத லட்சம் காதுகள். "எங்க தெருவுல இந்த வாரம் ஊதல" என்று ஒரு தாத்தா போன் செய்தால் ஆள் அனுப்பினால் போதும்.

நூறு சங்கு இருக்கும் ஊரில் நானூறு பேட்டரி. நான்காண்டு ஆயுள் என்றால் வருஷத்துக்கு நூறு மாற்ற வேண்டும், இந்த வருஷம், அடுத்த வருஷம், எப்போதும். மேலே பேரிங்குக்கு கிரீஸ் வைக்க ஏணி வண்டி வேண்டும். கூடு கட்டிய பறவையை அப்புறப்படுத்த வேண்டும். செம்பு வயரைத் திருடிக்கொண்டு போனால் புது வயர் போட வேண்டும். கடலோரமென்றால் உப்புக்காற்றே எமன். இந்தச் செலவு எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது.

யானை வாங்கியவனுக்கு அங்குசம் வாங்கக் காசில்லை என்பார்களே, அமெரிக்க நகரங்களின் சங்குக் கணக்கு முழுக்க அதுதான். 1950களில் சோவியத் குண்டு பயத்தில் ஊர்கள் சங்கு வாங்கினால் மத்திய அரசு பாதிச் செலவைக் கொடுத்தது. பனிப்போர் ஓய்ந்ததும் அந்தக் குடிமைப் பாதுகாப்புச் சட்டமே 1994இல் நீக்கப்பட்டது. யானை மட்டும் ஊரிலேயே நின்றது. இப்போதும் பேரிடர்த் தணிப்பு மானியம் என்ற பெயரில் மத்திய அரசு முக்கால் பங்கு தரும், ஊர் கால் பங்கு போட வேண்டும். புதுச் சங்கு வாங்கலாம், கம்பம் நடலாம். பேட்டரி மாற்ற, கிரீஸ் வைக்க, பராமரிப்பு ஒப்பந்தம் (நம்மூர் அலுவலக பாஷையில் ஏ.எம்.சி.) போட, அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. ஒரு நகரத்தின் பட்ஜெட் கூட்டத்தில் பள்ளம் விழுந்த சாலையும் ஊதாத சங்கும் எதிரெதிரே நின்றால் எது ஜெயிக்கும்? சாலைப் பள்ளத்தில் தினமும் ஆயிரம் பேர் விழுகிறார்கள். சங்கின் பழுதில் யாரும் விழுவதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

ஜெர்மனியும் இதே வழியில்தான் போனது. பனிப்போர் முடிந்ததும் மத்திய அரசு சங்குகளைக் கைகழுவியது. வேண்டுமென்ற ஊர்கள் வைத்துக்கொண்டன, மற்றவை கழற்றி எறிந்தன. 2021 ஜூலையில் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலும் சுற்றிலும் வெள்ளம் 180 பேருக்கு மேல் கொண்டுபோனது; அந்தக் காலகட்டத்தில் சங்கு நடுவதற்குக் கோடிக்கணக்கான யூரோவை அதே அரசு எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலேயே ஓரிடத்தில் சங்குகள் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டியிருந்தது: அணுமின் நிலையங்களைச் சுற்றி. 1979 த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு, நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேர வழி செய்தாக வேண்டும் என்று விதி வந்தது. பல நிலையங்கள் தேர்ந்த வழி சங்குதான், செலவு நிலையத்தின் தலையில். பல ஆண்டுகளாக இருந்த முறைப்படி, சோதனையில் நூற்றுக்கு 94க்குக் குறைவாக ஊதினால் ஒழுங்குமுறை ஆணையத்தின் அட்டவணையில் நிலையத்தின் தரத்தைக் காட்டும் நிறம் மாறும், கேள்வி வரும். அதே கம்பெனித் தயாரிப்பு, அதே பேட்டரி, அதே குளவி. பில் யார் பெயரில் வருகிறது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பேட்டரி மாற்ற வேண்டிய சான் பிரான்சிஸ்கோ ஏன் மொத்தமாக வாயை மூடியது? அதற்கு டாலஸ் வரை போக வேண்டும்.

2017 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை, இரவு 11.40. டாலஸ் நகரத்தின் 156 சங்குகளும் ஒருசேர ஊதின. சூறாவளி இல்லை, மழைகூட இல்லை. நின்றது, மறுபடி ஊதியது, மறுபடி. பயந்துபோன மக்கள் அவசர எண்ணுக்கு அழைத்த அழைப்புகள் 4,400. அதிகாலை 1.20 வாக்கில் ஊழியர்கள் மொத்த அமைப்பையும் துண்டித்த பிறகே ஓய்ந்தது. யாரோ ஒருவர் வானொலி அலைவரிசையில் சரியான சங்கேத ஒலியை அனுப்பியிருக்கிறார். பெட்டிக்குள் இருந்த வானொலி வாங்கிக்கு அனுப்புவது மேயரா, விஷமியா என்று தெரியாது. ஊது என்றால் ஊதும்.

அதற்கு முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்த பாலின்ட் சீபர் என்ற வானொலிப் பாதுகாப்பு ஆய்வாளரின் காதில் செவ்வாய்க்கிழமைச் சங்கு விழுந்திருந்தது. நாமாக இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். அவர், இதற்கு ஆணை எந்த அலைவரிசையில் வருகிறது என்று தேடினார். வாராவாரம் நண்பகலில் வானொலி அலைகளைப் பதிவு செய்து, சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் எது தோன்றுகிறது என்று சலித்து எடுத்தார். கிடைத்தது. மறையாக்கம் ஏதும் இல்லாத சமிக்ஞை. மலிவான கைவானொலியும் மடிக்கணினியும் இருந்தால் யாரும் ஊதலாம். தயாரிப்பாளருக்குச் சொல்லி, திருத்த அவகாசம் கொடுத்து, 2018 ஏப்ரலில் அதை வெளியிட்டார். சங்கை உயிரோடு வைத்திருந்த அதே வாரச் சோதனைதான் திருடனுக்கும் சாவியின் அச்சை வாரம் தவறாமல் காட்டிக்கொண்டிருந்தது.

பூட்டை மாற்றத்தான் 2019இல் நிறுத்தினார்கள். அந்தக் காரணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டு மாற்றுவதற்கு 119ஐயும் ஒரே நாளில் அணைத்ததுதான் என் கணக்கில் தப்பு. பத்துப் பத்தாகக் கழற்றி மாட்டியிருந்தால், மீதி நூறு ஊதிக்கொண்டே இருந்திருக்கும். ஊதாத பத்தைப் பற்றி ஊர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். முழுதாக நின்ற சங்கை ஒரே மாதத்தில் மறந்துவிடலாம். அடுத்த மூன்றாவது மாதம் கோவிட் வந்தது, பட்ஜெட்டில் துண்டு விழுந்தது, மதிப்பீடு பல மடங்கு ஏறியது. 2023 ஆகஸ்ட்டில் ஹவாயின் லஹைனா எரிந்த பிறகுதான் நகர மன்றத்தில் சங்குப் பேச்சு மறுபடி சூடு பிடித்தது.

லஹைனாவில் சங்குக்குப் பஞ்சமில்லை. அந்த ஊர் இருக்கும் மாவி தீவில் மட்டும் 80. ஒன்றையும் ஊதவில்லை, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பொறுப்பிலிருந்த அதிகாரி சொன்ன விளக்கத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது: அங்கே சங்கென்றால் சுனாமி, ஊதினால் மக்கள் மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ இருந்ததும் மலைப்பக்கம்தான் என்றார். மறுநாள் பதவி விலகினார். ஒரே ஊதலுக்கு ஊர் என்ன அர்த்தம் பழகியிருக்கிறது என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான் போலும். மிசோரியின் ஜாப்ளின் நகரத்தில் இதன் மறுபக்கம் நடந்தது. அடிக்கடி ஊதிக் கேட்டுப் பழகியவர்கள் 2011 மே 22இல் முதல் ஊதலுக்கு அசையவில்லை. பலர் வானத்தை எட்டிப் பார்க்க வெளியே வந்தார்கள். சூறாவளி சுமார் 160 பேரைக் கொன்றது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறோம்; காது நன்றாகவே கேட்டவர்கள் இவர்கள்.

பொத்தான் விஷயமும் உண்டு. 2025 மே 16இல் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சூறாவளி தாக்கியபோது சங்குகள் ஊதவில்லை. அவசரகால அலுவலக ஊழியர்கள் ஒரு பயிலரங்கத்துக்காக வேறிடம் போயிருந்தார்கள், பொத்தான் அலுவலகத்தில் இருந்தது. தீயணைப்புத் துறைக்குப் போன் போட்டார்கள். பேச்சு தெளிவாக இல்லை. நீ அழுத்துவாய் என்று இவர்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது தீயணைப்புத் துறையில் இருந்த பொத்தானே வேலை செய்யவில்லை. கம்பத்தின் உச்சியை மட்டும் சோதித்தால் போதாது, அழுத்தும் விரலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது சங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 85 பேரைப் பலிகொண்ட 2018 கலிபோர்னியக் காட்டுத்தீயில் சிக்கிய பாரடைஸ் ஊர் பதில் சொல்லும். அன்று செல்போன் கோபுரங்களும் எரிந்தன. திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டவர்கள், ஊரில் 21 சங்குக் கோபுரங்களையும் நட்டுக்கொண்டார்கள். நாகப்பட்டினத்தில் இருப்பவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, சில நிமிஷங்களில் கணித்துவிடுகிறது. அங்கிருந்து கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரின் காது வரைக்கும் உள்ள கடைசித் துண்டு தூரத்தில்தான் பேட்டரியும் துருவும் இருக்கின்றன.

2024 டிசம்பர் 5 காலை 10.44க்குக் கலிபோர்னியாவின் வடக்குக் கடலோரத்தில் 7.0 அளவு நிலநடுக்கம். சில நிமிஷங்களில் சான் பிரான்சிஸ்கோ உள்பட அந்தக் கடற்கரைக்குச் சுனாமி எச்சரிக்கை. செல்போன்கள் அலறின, கடற்கரையில் இருந்தவர்களை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். 119 கம்பங்களில் ஒன்றும் வாய் திறக்கவில்லை. பெரிய அலை வரவில்லை. நண்பகலுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அன்று வியாழக்கிழமை.